கள்ளிச்செடி வளர்ப்பு: தொட்டி எத்தனை நாளில் காய்கிறது என்பதே கணக்கு

கள்ளிச்செடி வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் விடணும்?" என்பதுதான். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. மாடி வெயிலில் மண்தொட்டியில் வைத்த கள்ளி நாலே நாளில் காய்ந்துவிடும். அதே வகைச் செடி, அறைக்குள் பீங்கான் குவளையில் இருந்தால் மூன்று வாரம் கழித்தும் அடிமண் ஈரமாகவே கிடக்கும். இரண்டுக்கும் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் முதலாவது நன்றாக வளரும், இரண்டாவது அழுகிச் சாகும்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. நன்றாக நனைத்த பிறகு உங்கள் தொட்டி அடிவரை காய எத்தனை நாள் ஆகிறது? வெயில் காலத்தில் 4 முதல் 7 நாளுக்குள் காய்ந்தால் கவலையில்லை. 10 நாளைத் தாண்டினால் தொட்டி, மண்கலவை, வெளிச்சம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றை மாற்றியாக வேண்டும்.

பாலைவனக் கள்ளி தண்ணீரை வெறுக்கும் செடி அல்ல. அதன் வேர்கள் பெரும்பாலும் ஆழமாகப் போகாமல் மேல்மண்ணில் அகலமாகப் பரவுகின்றன. எப்போதோ ஒருநாள் கொட்டும் மழையை வேகமாக உறிஞ்சித் தண்டில் சேமிக்கின்றன. சில நாளில் சரளை மண் காய்ந்து, வேரைச் சுற்றி மறுபடி காற்று நிறைகிறது. நீர் தேங்கிய மண்ணில் அந்தக் காற்று இல்லை. நுனி வேர்கள் மூச்சுமுட்டிச் சாகும், செத்த வேர் வழியாகப் பூஞ்சை தண்டுக்குள் ஏறும். நாம் செய்யும் எல்லா வேலையும் வேர் ஈரமாக இருக்கும் நாட்களைக் குறைப்பதற்கே.

எந்தச் செடியில் தொடங்கலாம்

கள்ளி என்று சொல்லப்படும் எல்லாமே கேக்டஸ் குடும்பம் அல்ல. உண்மையான கேக்டஸில் முட்கள் கொத்தாக முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திட்டு இருக்கும். அதற்கு அரியோல் என்று பெயர். சப்பாத்திக்கள்ளியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவை யூபோர்பியா இனம். அவற்றில் அரியோல் கிடையாது, கீறினால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் தோலில் எரிச்சல் உண்டாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அவற்றை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் தேவை.

புதியவர்களுக்கு மம்மில்லேரியாவும் ஜிம்னோகாலிசியமும் நல்ல தொடக்கம். மம்மில்லேரியா சிறு தவறுகளைத் தாங்கும், இளம் வயதிலேயே தலையைச் சுற்றி வளையமாகப் பூக்கும். ஜிம்னோகாலிசியம் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைந்த வெயிலிலும் வளரும். எக்கினாப்சிஸ் பக்கக் கன்றுகளை நிறையத் தரும். இதில் பல வகைகளின் பெரிய பூ இரவில் விரிந்து மறுநாள் வாடிவிடும். ரெபுட்டியா அழகான செடிதான், ஆனால் தென் அமெரிக்க மலைப்பகுதியைச் சேர்ந்தது. இரவும் சூடாக இருக்கும் ஊர்களில் அது திணறும். கோல்டன் பேரல் வாங்குபவர்கள் பூவை எதிர்பார்த்து வாங்க வேண்டாம், பல ஆண்டுகள் கழித்து நன்றாகப் பெருத்த பிறகே அது பூக்கும்.

சிவப்பு, மஞ்சள் உருண்டையைப் பச்சைத் தண்டின் மேல் ஒட்டி விற்கும் செடியை முதல் செடியாக வாங்காமல் இருப்பதே நல்லது. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. கீழே இருக்கும் ட்ராகன் ஃப்ரூட் வகைத் தண்டுதான் அதற்கு உணவு தருகிறது. இரண்டின் வளர்ச்சியும் தேவையும் ஒத்துப்போவதில்லை, பெரும்பாலும் சில ஆண்டுகளில் ஒட்டு விட்டுப்போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முயல்காதுக் கள்ளி எனப்படும் ஒபன்ஷியா மைக்ரோடேசிஸும் வேண்டாம். அதன் பஞ்சுப் பொட்டு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மயிர் முட்கள் இருக்கின்றன. அவை தொட்டவுடன் தோலில் ஏறி நாள்கணக்கில் குத்தும். கிறிஸ்துமஸ் கேக்டஸ் பிரேசில் காட்டு மரங்களில் தொற்றி வளர்வது. இங்கே சொல்லும் மண்ணும் தண்ணீரும் அதற்குப் பொருந்தாது.

வாங்கும்போது செடியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். குச்சியால் மெதுவாக அழுத்தினால் கல் போல உறுதியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, தொட்டியில் செடி ஆடினாலோ வாங்காதீர்கள். முட்களின் இடையில் வெள்ளைப் பஞ்சு இருந்தால், அது செடிக்கு இயல்பானதா, மாவுப்பூச்சியா என்று உற்றுப் பாருங்கள். இயல்பான பஞ்சு எல்லா அரியோலிலும் ஒரே சீராக இருக்கும். பூச்சி அங்கங்கே கட்டியாக ஒட்டியிருக்கும்.

விதையிலிருந்தோ கன்றிலிருந்தோ நர்சரியில் வளர்ந்த செடியை மட்டும் வாங்குங்கள். 2015-இல் வெளியான மதிப்பீட்டின்படி கேக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. காட்டிலிருந்து தோண்டி விற்பதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அடியில் மரப்பட்டை போல முதிர்ந்து, வடுக்களோடு, வேர் வெட்டப்பட்டு வரும் அரிய வகைச் செடி என்றால் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம்

புதுச் செடியை மற்றச் செடிகளோடு உடனே சேர்க்காதீர்கள். 2 முதல் 3 வாரம் தனியாக வைத்தால் ஒளிந்திருக்கும் பூச்சி வெளியே தெரிந்துவிடும். மேல்மண்ணில் கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பெயர்த்து எடுங்கள். அந்த ஓட்டுக்குக் கீழே மண் காய்கிறதா இல்லையா என்று பார்க்கவே முடியாது. தலையில் காகிதம் போன்ற உலர்ந்த பூவை ஒட்டி விற்பதும் உண்டு. அது இழுத்தால் பசையோடு வரும். செடியின் தோல் கிழியாமல், முள்ளோடு சேர்த்துக் கத்தரியால் நறுக்கிவிடலாம்.

நர்சரிச் செடிகள் பெரும்பாலும் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்தவை. முட்கள் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், நேரே உச்சிவெயிலில் வைத்தால் இரண்டே நாளில் தோல் வெந்துபோகும். முதல் வாரம் காலை வெயில் 1 மணி நேரம், அடுத்த வாரம் 2 முதல் 3 மணி நேரம், மூன்றாவது வாரத்துக்குப் பின் 4 முதல் 6 மணி நேரம் என்று பழக்குங்கள். கோடை உச்சத்தில் பழகிய செடிக்கும் மதியம் 12 முதல் 3 வரை லேசான நிழல் நல்லது.

அறைக்குள் வைப்பவர்கள், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் தெற்கு ஜன்னலையும், தெற்கே இருந்தால் வடக்கு ஜன்னலையும் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியை ஒட்டியே வைக்க வேண்டும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும், நம் கண்ணுக்கு அது தெரியாது. வெயிலே வராத வீடு என்றால் செடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் மேலே வளர்ப்பு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். இரவில் அணைக்க வேண்டும். கள்ளிகள் பகலில் தண்டின் தோலில் உள்ள நுண்துளைகளை மூடிவைத்து, இருட்டிய பிறகே திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமிப்பவை. விடிந்ததும் அதை வைத்து உணவு தயாரிக்கின்றன.

வெளிச்சம் போதவில்லை என்பதைச் செடியின் உருவமே சொல்லும். உருண்டைச் செடியின் தலை கூராக நீளும், புது முட்கள் மெலிந்து தள்ளித் தள்ளி வரும், நிறம் வெளிறும். இப்படி நீண்ட பகுதி மறுபடி பருக்காது. இனி வரும் வளர்ச்சியைத்தான் சரிசெய்ய முடியும். தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பினால் ஒருபக்கம் சாயாது. மொட்டு வைத்திருக்கும்போது மட்டும் திருப்பாதீர்கள், உதிர்ந்துவிடக்கூடும்.

தொட்டி

அடியில் ஓட்டை இல்லாத தொட்டி கள்ளிக்குத் தொட்டியே அல்ல. அடியில் கல் அடுக்கிவிட்டால் ஓட்டை தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது உதவாது, இன்னும் கெடுக்கும். நனைந்த ஸ்பாஞ்சை நிமிர்த்திப் பிடித்தால் கீழ்ப்பகுதி ஈரமாகவே நிற்கும் அல்லவா, மண்ணிலும் அதேதான் நடக்கிறது. நுண்ணிய மண் தன் அடியில் ஒரு ஈரப் பட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் கீழே உள்ள கற்களுக்கு எளிதில் விடாது. கல் அடுக்கினால் அந்த ஈரப் பட்டை வேருக்கு இன்னும் அருகே உயர்கிறது. ஓட்டை வழியாகக் கலவை கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

அளவு முக்கியம். உருண்டைக் கள்ளிக்குச் செடியின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. 6 சென்டிமீட்டர் செடிக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் தொட்டி. வளரட்டும் என்று 20 சென்டிமீட்டர் தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிக் கிடக்கும். வண்ணப்பூச்சு இல்லாத சுட்ட மண்தொட்டி பக்கவாட்டிலும் காய்வதால் மழை அதிகமுள்ள இடத்துக்கும், கைநிறையத் தண்ணீர் விடுபவர்களுக்கும் ஏற்றது. காற்றும் வெயிலும் கடுமையான மாடியில் 5 சென்டிமீட்டர் மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். அங்கே சிறு செடிகளுக்குப் பிளாஸ்டிக் தொட்டியே மேல்.

மண்கலவை

இதில் நேரம் செலவழித்தால் மற்ற எல்லாம் எளிதாகும். கடையில் கேக்டஸ் மண் என்று விற்பதில் பல, வெறும் தென்னைநார்த்தூளில் ஒரு பிடி மணல் கலந்தவை. தென்னைநார்த்தூள் நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தை விடாது. அது கள்ளிக்கு ஆகாது.

கொள்ளளவுக் கணக்கில் இப்படிக் கலக்கலாம்: 3 முதல் 6 மில்லிமீட்டர் பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல்) 2 பங்கு, 2 முதல் 4 மில்லிமீட்டர் கரடுமணல் அல்லது சிறு சரளை 1 பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. பியூமிஸ் கிடைக்காவிட்டால் உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி அந்த இடத்தை நிரப்பும். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரிலும், செடியை அறைக்குள் வைக்கும்போதும் உரத்தின் பங்கைப் பாதியாகக் குறையுங்கள்.

எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எதைச் சலித்து எறிகிறோம் என்பது பெரிது. 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூள் எல்லாம் கற்களின் இடைவெளியை அடைத்துவிடும். கட்டிட வேலைக்கான நைசு மணல் அதனால்தான் உதவாது. கடல் மணலில் உப்பு இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். சலித்ததைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கலவை சரியா என்று பார்க்க, வெறும் தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் சில நொடிகளில் அடியில் கொட்ட வேண்டும். ஈரக் கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் கொழுக்கட்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

மறுநடவு

2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை, வளர்ச்சி தொடங்கும் பருவத்தில் செய்யலாம். கடையிலிருந்து வந்த செடி ஈரம் பிடிக்கும் மண்ணில் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

1. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் வேரை விட்டு எளிதில் உதிரும்.
2. செய்தித்தாளைப் பல மடிப்பாக மடித்துப் பட்டையாக்கி, செடியைச் சுற்றிக் கவ்விப் பிடியுங்கள். மயிர் முள் உள்ள வகைகளுக்குச் சமையலறை இடுக்கி நல்லது. துணிக் கையுறையில் முள் ஏறிக்கொண்டு அடுத்த முறையும் குத்தும்.
3. தொட்டியைச் சாய்த்து, ஓட்டை வழியாகக் குச்சியால் தள்ளி எடுங்கள். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.
4. பழைய மண்ணை உதிருங்கள். வேரைச் சுற்றி வலைப்பை இருந்தால் வெட்டி நீக்குங்கள். செத்த வேர் வெறும் நூலாக உருவி வரும், உயிருள்ள வேர் இழுத்தால் தாங்கும். செத்ததை மட்டும் நறுக்குங்கள்.
5. வேர் அறுபட்டிருந்தால் நிழலில் 3 முதல் 7 நாள் காயவிடுங்கள்.
6. பழைய மண்மட்டத்துக்கே நட்டு, கழுத்தைச் சுற்றி 1 சென்டிமீட்டர் வெறும் சரளை போடுங்கள். தண்டு ஈரமண்ணில் படாமல் இருக்கும்.
7. ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். அதுவரை நேர் வெயில் வேண்டாம்.

கையில் மயிர் முள் ஏறினால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து எடுங்கள், மீதியைச் சாமணத்தால் பிடுங்குங்கள்.

தண்ணீர்

விடும்போது அடி ஓட்டையில் கொட்டும்வரை விடுங்கள். தட்டில் தேங்கியதை 15 நிமிடத்தில் கொட்டிவிடுங்கள். பிறகு முழுதும் காயும்வரை தொடாதீர்கள். தினமும் ஒரு கரண்டி, ஸ்பிரே அடிப்பது போன்றவை மேல்மண்ணை எப்போதும் ஈரமாகவும் அடிவேரைப் பட்டினியாகவும் வைக்கும்.

காய்ந்ததா என்று அறிய மேல்மண்ணை நம்பாதீர்கள். மரக்குச்சி ஒன்றை அடிவரை செருகி 10 நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள்; நிறம் மாறியிருந்தாலோ, துகள் ஒட்டியிருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. அதைவிடத் துல்லியமானது எடை. தண்ணீர் விடுமுன் தொட்டியை எடைபோட்டுக் குறியுங்கள், நனைத்த பின் மறுபடி போடுங்கள். உதாரணமாக 420 கிராம் 500 ஆனால், மறுபடி 420-ஐ நெருங்கும் நாள்தான் உங்கள் தொட்டி காயும் நாள். சில வாரத்தில் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும்.

வளரும் பருவத்தில் காய்ந்த பின் 2 முதல் 3 நாள் விட்டு அடுத்த தண்ணீர். குளிர்காலத்தில் இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் தண்ணீரை அறவே நிறுத்தலாம். அந்த வறண்ட குளிர் ஓய்வுதான் பல வகைகளைப் பூக்க வைக்கிறது. வேர் காய்ந்திருந்தால் பல கள்ளிகள் 5 டிகிரிவரை தாங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் தாங்காது. குளிரே வராத ஊரில் மழைக்கால, பனிக்கால மாதங்களில் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் போதும். தொடர்மழையில் செடியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். ஒரு பெருமழை கெடுக்காது, ஒரு வாரத் தூறல் கெடுக்கும்.

கோடையில் ஒரு கண்ணி இருக்கிறது. பகல் 38 டிகிரியைத் தாண்டி இரவும் சூடாகவே இருந்தால், கள்ளி இரவிலும் துளைகளைச் சரியாகத் திறக்காது. வளர்ச்சியை நிறுத்தி உறங்கும். வெயிலைக் கண்டு பரிதாபப்பட்டு அப்போது தண்ணீரைக் கூட்டுவதால் நிறையச் செடிகள் சாகின்றன. அந்த நாட்களில் குறைவாக, மாலை குளிர்ந்த பின் விடுங்கள். சூடான தண்டில் தண்ணீர் படக் கூடாது.

மழைநீர் மிக நல்லது. உப்புநீரால் தண்டிலும் மண்ணிலும் வெள்ளைப் படிவு வரும், மண்ணின் காரத்தன்மை ஏறி வளர்ச்சி நிற்கும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 2 ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றிவிடுங்கள். உரத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தழைச்சத்து குறைந்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய 5-10-10 போன்ற கரையும் உரம், பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு, வளரும் பருவத்தில் மட்டும் மாதம் ஒருமுறை. தழைச்சத்து கூடினால் தண்டு வேகமாக ஊதி வெடிக்கும்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது

செடி சுருங்குகிறது. இது தாகமாகவும் இருக்கலாம், வேர் செத்திருப்பதாகவும் இருக்கலாம். மண் காய்ந்திருந்தால் முழுதாக நனைத்து 3 முதல் 5 நாள் பாருங்கள். பருத்துவிட்டால் தாகம். மண் ஈரமாக இருந்தும் சுருங்கினாலோ, நனைத்தும் மாறாவிட்டாலோ வேர் போய்விட்டது. உடனே வெளியே எடுத்துப் பாருங்கள். இங்கே இன்னும் தண்ணீர் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

அடித்தண்டு பழுப்பாகிறது. தொட்டால் கெட்டியாக, கீழிருந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறினால் அது முதுமைத் தோல், மரப்பட்டை போல. ஒன்றும் செய்ய வேண்டாம். வெயில் பட்ட ஒரே பக்கத்தில் வெளுத்து, பிறகு பழுப்பாகக் காய்ந்தால் வெயில் காயம். வடு மறையாது, பரவவும் பரவாது.

மெத்தென்று கருத்து நாளுக்கு நாள் பரவினால் அழுகல். அன்றே வெட்ட வேண்டும். கத்தியை ஆல்கஹாலால் துடைத்து, அழுகலுக்கு மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவே வளையம் தெரியும். அதில் ஒரே ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் அழுகல் மேலே போயிருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைத் துடைத்து, வளையம் முழுக்கச் சுத்தமாகும்வரை சீவிக்கொண்டே போங்கள். கந்தகத்தூள் தடவி, காற்றோட்டமான நிழலில் 1 முதல் 3 வாரம் காயவிடுங்கள். ஓடு கட்டியதும் வறண்ட கலவையின் மேல் நிறுத்துங்கள். வேர் எட்டிப்பார்த்த பிறகே தண்ணீர்.

மாவுப்பூச்சியை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொல்லுங்கள், 7 நாள் இடைவெளியில் 3 முறை. மாலையில் செய்து மறுநாள் நிழலில் வையுங்கள். காரணமே இல்லாமல் வளர்ச்சி நின்றுபோன செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். தொட்டியின் உள்சுவரில் வெள்ளை மாவு இருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண் முழுவதையும் எறிந்துவிட்டு, வேரைக் கழுவி, காயவைத்து, புதுக்கலவையில் நடுங்கள். தலைப்பகுதியில் துரு படிந்தது போல நிறம் மாறி, மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்திப்பேன். வறண்ட, காற்றோடாத இடத்தில் வரும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி வாரம் ஒருமுறை தொடருங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் வெயிலில் வைக்கக் கூடாது. வெள்ளை மெழுகுப்பூச்சு உள்ள செடிகளில் அடிக்கவே வேண்டாம், பூச்சு போனால் திரும்பாது.

கன்றும் விதையும்

பக்கக் கன்று தாயின் கால் பங்கு அளவு வந்ததும் திருகி எடுக்கலாம். வெட்டுமுகம் சிறியதென்றால் 5 முதல் 7 நாளும், தடித்த தண்டென்றால் 2 முதல் 4 வாரமும் காயவிட்டு நடுங்கள். 3 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும்.

விதையில் விதி தலைகீழ். சலித்த கலவையைச் சூடாக்கி ஆறவைத்து ஈரமாக்கி, விதையை மேலே தூவி, மண் மூடாமல் டப்பாவை மூடிவிடுங்கள். 20 முதல் 30 டிகிரியில், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் பல வகைகள் 5 முதல் 14 நாளில் முளைக்கும். முளைத்தவை பச்சை மணிகளாக இருக்கும். சேமிப்புத் தண்டு இல்லாததால் ஒருநாள் காய்ந்தாலும் போய்விடும். முட்கள் நன்றாகத் தெரியும்வரை மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். பிறகு 3 முதல் 4 வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கும்போது பிரித்து நடுங்கள்.